பெலான் வந்திருக்கு

மலாய் மொழியில் பெலான் என்றால் திட்டம். அதே பெலானை இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிற ஊரில் ஐந்தாண்டுத் திட்டம் போடுகிறவர்கள் வேறு வார்த்தை ஏதாவது தேடியிருக்கலாம். எங்கள் காற்பந்து கிளப் தேடவில்லை. புதுத் தலைவர் வரும்போதெல்லாம் புது பெலான் ஒன்று வந்தது. ஓப்பன் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அதோடு இன்னொரு பெலானைச் சேர்த்துக்கொண்டோம். முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை, வாய்ப் பழக்கத்தில் சொன்னோம்.

பெரிய பேர் உள்ள கிளப் இல்லை இது. கீழ் டிவிஷனில் ஆடி, ஒரு வருடம் மேலே போய், அடுத்த வருடம் முன்பு இருந்ததைவிடக் கீழே வந்த கிளப். ஈப்போவில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புந்தோங்கிலிருந்தும் கோப்பெங் பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வருகிற நாங்கள் ஒரு நூறு பேர், மலாய்க்காரர்கள் ஒரு நூறு பேர், எப்போதும் ஒரே இடத்தில் வந்து உட்காரும் ஒரு சீனக் கிழவர். அவ்வளவுதான் ரசிகர்கள். மழை வந்தால் அதிலும் பாதி.

நான் ஒரு சீனர் இரும்புக்கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஆணி, குழாய், பெயின்ட் டப்பா, இவைதான் என் உலகம். கையில் எடுத்துப் பார்க்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை என்று என் மனைவி சொல்வாள். அது கடை கொடுத்த குணம் இல்லை. அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

நான் பிறந்தது கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தோட்டத்தை விற்கப் போகிறோம் என்று சொன்ன நாளில் துரை ஆபீஸ் மேசையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கப் போகிற வீடுகள் என்றார். அதுதான் நான் பார்த்த முதல் பெலான். உங்களுக்கு மூலை வீடு என்று கணக்கெழுதும் கிராணி ஒரு சதுரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். அந்த மூலையில் முருங்கையை எந்தப் பக்கம் நடுவது என்று அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். வீடுகள் வந்தன. எங்களுக்கு இல்லை. நாங்கள் புந்தோங்கில் வாடகைக்கு வந்தோம். அதற்குப் பிறகு யார் எந்தக் காகிதத்தை விரித்தாலும் என் கண்ணுக்கு அந்தப் பென்சில் புள்ளிதான் தெரிகிறது.

ஆகவே வீட்டில் யார் எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்பேன். சம்பளம் கூட்டுகிறார்களாம், பார்க்கலாம். ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம், பார்க்கலாம். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குப் "பார்க்கலாம் அப்பா" என்று பேர் வைத்திருந்தாள். பள்ளி ஆசிரியையிடமே அப்படிச் சொல்லிவிட்டாள். நான் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது பெலானைச் சொல்வதற்காகக் கிளப்பில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, திடலுக்குப் பக்கத்தில் இருந்த டேவான் மண்டபத்தில். வந்தவர்களுக்கு மீ கோரேங் பொட்டலமும் சிரப் தண்ணியும் கொடுத்தார்கள். முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளம் அதிகாரி சுவரில் படம் காட்டிப் பேசினார். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். கிளப்பின் எதிர்காலம் ஐந்து தூண்கள் மேல் நிற்கப் போகிறது என்றார். எங்கள் ஸ்டாண்டில் ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை இருந்தது. அதற்கு நாலு தூண், அதில் ஒன்றைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் லோரி மச்சான் இருந்தான். லோரி ஓட்டுகிறவன், என் மனைவிக்கு அண்ணன், எங்கள் ஸ்டாண்டில் தப்பு அடிக்கிறவனும் அவன்தான். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அதிகாரி சொன்னதும் அவன் எழுந்தான். ஓப்பன் ஸ்டாண்டு டாய்லெட்டுக்குக் கதவு எப்போது வரும் என்று மலாயில் கேட்டான். அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது என்றார்.

மச்சான் உட்கார்ந்தான். "மூணாம் கட்டம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும் போல லா," என்று என் காதில் சொன்னான்.

சுற்றி இருந்த தமிழர்கள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சிரித்தார்கள். அதிகாரியும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்த்து நம்பிவிட முடியாது.

கூட்டம் முடிகிற நேரத்தில் அதிகாரி ஒரு விஷயம் சொன்னார். பெரியவர்கள் சிலருக்கு மலாய் படிப்பது சிரமம் என்று கேள்விப்பட்டேன், யாராவது இதைச் சுருக்கமாகத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அச்சடித்துக் கொடுக்கலாம் என்றார். மச்சான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, என் தோளில் தட்டினான்.

"நீதானே கோயில் நோட்டீசெல்லாம் எழுதுற. நீயே எழுதிடு மச்சான்."

"நம்பாதவன் எழுதுனா எப்படி லா இருக்கும்?"

"நம்புறவன் எவன் இருக்கான் இங்க? உனக்குத்தான் தமிழ் வருது. எழுது."

அப்படித்தான் அந்த பெலான் என் வீட்டுக்குள் வந்தது.

என் மகளுக்கு அப்போது பதினெட்டு. பள்ளியில் படிவம் ஐந்து முடித்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தாள். அவள் கோல் கீப்பர். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கிற திடலில் பையன்களோடு ஆடத் தொடங்கி, அவர்கள் யாரும் கோலில் நிற்க விரும்பாததால் அங்கே நின்று, பிறகு அந்த இடத்தை விடவேயில்லை. பள்ளி அணிக்கு நின்றாள், மாநிலப் பள்ளிகளுக்கும் நின்றாள். சுண்டுவிரல் இரண்டு தடவை உடைந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் கோணல்தான். எதிர் அணி பந்தோடு வரும்போது மற்ற பிள்ளைகள் கத்துவார்கள், இவள் கத்த மாட்டாள், ஒரே ஓர் அடி முன்னால் வைப்பாள். அந்த ஓர் அடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

கிள்ளான் பக்கம் ஒரு பெண்கள் அணியிலிருந்து அவளைக் கேட்டிருந்தார்கள். தங்க இடம் உண்டு, பகலில் கல்லூரி, சாயங்காலம் பயிற்சி. ஒரே ஒரு நிபந்தனை, மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை, தனியாக, கிள்ளானில், என்று மூன்று வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே "அவள் இஷ்டம்" என்று சொன்னேன். உள்ளே எனக்கும் பிடிக்கவில்லை. ஒரே பிள்ளை. அவள் பை தொங்குகிற ஆணி காலியாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மலாய் பெலானை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். தூண்களை எழுதினேன். கட்டங்களை எழுதினேன். டாய்லெட் கதவை எழுதும்போது மச்சானை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டாம் ஆண்டில் பெண்கள் அணி அமைப்பது டிகாஜி.

டிகாஜி என்றால் ஆராயப்படும். அமைக்கப்படும் இல்லை. அமைக்கலாமா என்று ஆராயப்படும். அந்த வார்த்தையோடு எனக்கு ரொம்ப வருடப் பழக்கம். கோயில் நிலத்துக்காக நான் எழுதிக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் அதுதான் பதிலாக வந்தது. அந்த வார்த்தைக்குள் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"மகளிர் அணி அமைப்பது குறித்து இரண்டாம் ஆண்டில் ஆராயப்படும்" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. அடித்தேன். "ஆராய்ந்து அமைக்கப்படும்" என்று எழுதினேன். அதுவே தப்பு. இருந்தாலும் வரி கொஞ்சம் உயிர் பெற்றது. கூடத்தில் மகள் உட்கார்ந்து கையுறையில் ஒட்டிய மண்ணைப் பழைய பல்துலக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். மலாயில் எனக்கு எங்காவது தடுக்கினால் அவளைத்தான் கேட்பேன், என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். அன்று கேட்கவில்லை. வரி நீளமாக இருக்கிறது, நோட்டீசுக்கு அழகாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு "ஆராய்ந்து" என்பதையும் எடுத்தேன். "இரண்டாம் ஆண்டில் மகளிர் அணி அமைக்கப்படும்." கோயில் திருவிழாவில் அன்னதானம் வழங்கப்படும் என்று எழுதுகிற மாதிரி, சுத்தமாக, சந்தேகமே இல்லாமல்.

பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதைப் படிப்பாள் என்பதும் தெரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

நோட்டீஸ் வந்தது. கோப்பிக் கடைச் சுவரில் ஒட்டினார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றியது. ரசிகர்கள் ஒரு வரி விடாமல் கேலி செய்தார்கள். ஐந்து தூணையும் வைத்துப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். மகளிர் அணி வரியை வைத்தும் மச்சான் ஏதோ சொல்ல வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

வீட்டில் மகள் அந்தத் தாளை மேசையில் வைத்துப் படித்தாள். பக்கத்திலேயே மலாய்ப் பிரதியும் கிடந்தது. எதையும் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நான் பேப்பர் படிப்பது போல இருந்தேன்.

மூன்று நாள் கழித்து, "கிள்ளானுக்கு வரலைன்னு சொல்லிட்டேம்ப்பா," என்றாள். "இங்கதான் டீம் வருதில்ல. இங்கயே நிக்கிறேன்."

மனைவி அன்று பாயசம் வைத்தாள். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது, பெலான் பெலானாக.

முதல் வருடம் அவள் தனியாக ஓடினாள். காலையில் ஓட்டம், சாயங்காலம் திடலில் பையன்களோடு. எஸ்.பி.எம். தேர்வு முடிவு சுமாராக வந்தது. சும்மா இருக்கக்கூடாது என்று கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், டீம் வரும் வரைக்கும் என்று. தொழிற்சாலை பஸ் புந்தோங்குக்கே வந்து ஆள் ஏற்றும். ரப்பர் கையுறையில் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கோல் கீப்பருக்கு ஏற்ற வேலைதான் என்று கடையில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அவரோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

இரண்டாம் வருடமும் வந்தது. மகளிர் அணி வரவில்லை. நான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனேன், பந்தைப் பார்க்காமல் ஆபீஸ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கைச் சட்டை அதிகாரி வேறு வேலைக்குப் போய்விட்டார். கிளப் இன்னும் ஒரு டிவிஷன் இறங்கியது. டாய்லெட்டுக்குக் கதவாக யாரோ ஒரு பழைய பேனரைக் கட்டிவிட்டார்கள். மூன்றாவது பெலானின் அட்டையை அச்சடித்த பேனர், ஐந்து தூணும் அதில் இருந்தன.

ஒரு நாள் கடைக்கு அரை நாள் லீவு போட்டு கிளப் ஆபீசுக்குப் போனேன். புது அதிகாரி ஒரு பெண். தலையில் துடோங், கையில் லேப்டாப், மேசையில் பாதி தின்ற கரிபாப். உட்காரச் சொன்னார். மகளிர் அணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் லேப்டாப்பில் பெலானைத் திறந்தார். நீளமான அட்டவணை, பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் பச்சையாக இருந்தது.

"பச்சைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தமா?" என்று மலாயில் கேட்டேன்.

"ஆமா அங்கிள். சூடா டிகாஜி," என்றார்.

சூடா என்றால் ஏற்கெனவே. ஏற்கெனவே ஆராய்ந்தாகிவிட்டது. ஆராய்ந்து பார்த்தார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள், வேலை முடிந்தது, பச்சை. அந்தப் பெலானில் சொன்னபடி நடந்த மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் பொய் சொல்லவில்லை. ஐந்து தூணையும் கேலி செய்த நாங்கள் நூறு பேரில், அந்தத் தாளில் பொய் எழுதியவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் "இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்" என்றேன். சரிப்பா என்றாள். அதற்குள் அவளுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. கொஞ்ச நாளில் காலை ஓட்டம் நின்றது. பிறகு சாயங்காலத் திடலும் நின்றது, ஷிஃப்ட் மாறிவிட்டது என்றாள். கையுறை அலமாரி மேல் ஏறியது. பை மட்டும் அதே ஆணியில் தொங்கியது. அதற்குள் இப்போது சாப்பாட்டு டப்பாவும் தொழிற்சாலை அடையாள அட்டையும்தான்.

போன மாதம் நாலாவது பெலான் வந்தது. புதுத் தலைவர். தூண்களை விட்டுவிட்டார்கள், இந்தத் தடவை ஏணிப்படிகள். கூட்டத்துக்கு எங்களில் இருபது பேர்கூடப் போகவில்லை. மச்சான் தப்பைக்கூடக் கொண்டுவரவில்லை. தமிழில் எழுதுவது யார் என்ற கேள்வியே எழவில்லை, தாள் நேராக என் கைக்கு வந்தது.

அதிலும் அந்த வரி இருந்தது. மகளிர் அணி, மூன்றாம் ஆண்டில், டிகாஜி. நான் ஒரே தடவையில் எழுதினேன், வாசித்துப் பார்க்கவில்லை. "மகளிர் அணி அமைப்பது குறித்து மூன்றாம் ஆண்டில் ஆராயப்படும்." செத்துக் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு பஸ். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். மேசையில் இரண்டு தாளும் கிடந்தன. அவள் நின்றபடியே மலாய்த் தாளைப் புரட்டினாள், பிறகு என் தமிழைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை சரியா எழுதியிருக்கீங்கப்பா," என்றாள்.

"இந்தத் தடவையா?"

"ம்."

"அப்போ போன தடவை மலாயில படிச்சியா?"

"படிச்சேன். ரெண்டும் பக்கத்துலதானே கெடந்துச்சு. டிகாஜின்னுதான் போட்டிருந்துச்சு."

மூன்று வருடமாக இதை எப்படிச் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது, அவள் அழுதால் என்ன செய்வது என்று எத்தனையோ தடவை மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுமா கிள்ளான் வேணாம்னு சொன்ன?"

அவள் தண்ணீர்ப் போத்தலை பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்கதான் எதையும் லேசுல நம்ப மாட்டீங்களே. அவங்க டிகாஜின்னு போட்டதை நீங்க அமைக்கப்படும்னு எழுதியிருந்தீங்க. உள்ள யாரையாச்சும் பார்த்து, நல்லா கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. அவள் கதவுக்கு வெளியே நின்று சப்பாத்தை மாட்டினாள்.

"கிளப்பை நான் என்னைக்குப்பா நம்புனேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.